படகு விட வெட்டிய ஏரி

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்கே வேண்டிய வெங்காயம். ஏரிக்கரைச் சமையல் கொட்டகையில் என்னைச் சுற்றிக் குவிந்து கிடந்தது. மறுநாள் பண்ணையார் மகளுக்குக் கல்யாணம். மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்த கார்கள் வேப்ப மரங்களுக்குக் கீழே வரிசையாக நின்றன.

கண் எரிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. யாரோ பெரிய அண்டாவைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போவதுபோல, நிற்காத ஓர் உறுமல்.

அந்த ஏரிக்குச் சத்தமே கிடையாது. நான் கடற்கரையில் பிறந்தவள். அலைச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. அங்கே போன புதிதில், இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, ஒரு மூச்சு விடக் காணோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். பிறகு பழகிவிட்டது. அந்த ஏரி சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு ஓடினேன். கரைக்குக் கீழே, வருஷக்கணக்காக முள் மண்டிக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. சருகு, முள், ஆட்டுப் புழுக்கை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

கரைமேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கைலி உடம்போடு ஒட்டியிருந்தது. வலது உள்ளங்கை கிழிந்திருந்தது. காதிலிருந்து ரத்தம் இறங்கி, கழுத்து ஈரத்தில் கலந்து ரோஸ் நிறமாக ஓடியது.

“தெறந்துட்டேன், ஜைனம்பு” என்றார்.

முதலில் எனக்கு வந்தது கோபம். பிள்ளைகளை நினைத்தேன். நாளைக்கு எங்கே படுப்போம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த ரத்தம் என் கண்ணில் பட்டது.

காது போன குளிகாரர்

இந்தத் தொடரில் இதுவரை எங்கள் கடற்கரையை விட்டு நான் அசையவில்லை. “எந்நேரமும் மீனும் கருவாடுந்தானா மாமி?” என்று என் மருமகளே கேலி செய்கிறாள். சரி, இந்த வாரம் உள்ளே போகிறேன். முதுகுளத்தூர்ச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, உடைமரக் காட்டுக்குள் நடக்க வேண்டிய ஓர் இடம். பத்திரிகையில் எழுத வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட விஷயம் அல்ல இது. ஆனால் இதைத் தாண்டிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போகவும் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் சேகு சங்கு குளிக்கிறவர். இடுப்பில் ஒரு வலைப்பை, நெஞ்சுக்குள் ஒரு மூச்சு, அவ்வளவுதான் சாமான். கடலடியில் இறங்கிச் சங்கு பொறுக்கிக்கொண்டு மேலே வருவார்கள். அவர் வாப்பாவும் அதே தொழில்தான். வெள்ளைக்காரன் போனதற்குக் கொஞ்சம் பிந்தி எங்களுக்கு நிக்காஹ் ஆயிற்று.

மூத்தவள் பிறந்த பிறகு ஒருநாள், குளித்துவிட்டு மேலே வந்தவர் படகைப் பிடிக்கத் தெரியாமல் தலை சுற்றி, திரும்பத் தண்ணீருக்குள்ளேயே போயிருக்கிறார். கூட இருந்தவர்கள் முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். காதுச் சவ்வு கிழிந்துபோயிருந்தது. “இனிமே ஆழத்துக்குப் போனீங்கன்னா காதோட நிக்காது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கொழும்புக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றால் அங்கே பாஸ்போர்ட், விசா என்று வாசலை அடைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தோணிகள் பாதி கரையிலேறிக் கிடந்தன. என் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து தின்றோம். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். காக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதினியும் சொன்னதில்லை. ஆனால் எங்களுக்குச் சோறு அள்ளும்போது மட்டும் அவள் அகப்பை பானையின் அடியைச் சுரண்டும்.

அப்போதுதான் மிளகாய் மூட்டை ஏற்றிவந்த ஒரு வண்டிக்காரர் சொன்னார், முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையார் ஏரி வெட்டிப் படகு விடுகிறாராம், படகு தள்ளத் தெரிந்த ஆள் தேடுகிறாராம் என்று.

என் வீட்டுக்காரர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். “அந்தக் காட்டுலயா? அங்கன ஆடு குடிக்கவே தண்ணி கெடையாதே.”

மறுவாரம் போய்விட்டோம்.

கொடைக்கானலில் பார்த்தது

பண்ணையாரின் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், நல்லவர்கள்.

ஜமீன்கள் ஒழிந்த காலம். ஆனால் அவருக்கு நிலத்துக்குக் குறைவில்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு கோடையில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனவர், அங்கே ஏரியில் படகில் போயிருக்கிறார். அந்த ஏரியும் மனிதன் கட்டியதுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னவன் யாரென்று தெரிந்தால் நான் தேடிப்போய்க் கேட்டிருப்பேன்.

திரும்பி வந்து, தன் தரிசிலிருந்த பள்ளத்தை வெட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் மருதிருப்பு என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு மேற்கே ஒரு சின்னக் கண்மாய் இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டார். கண்மாய்க்கு மழைத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயைத் தன் ஏரிக்குத் திருப்பினார். வெட்டிய மண்ணை நடுவில் குவித்து ஒரு தீவு. தீவில் ஒரு மண்டபம். படகேறுகிற இடத்தில் கல் படிக்கட்டு. நீலத்திலும் மஞ்சளிலும் வர்ணமடித்த படகுகள், மகள்களின் பெயரில்.

சுற்றிலும் காடு. ஓரத்தில் பழைய உடைமரங்களை அப்படியே விட்டு, உள்ளே வேம்பு, புங்கை, வாகை, நாவல், மூங்கில் என்று வைத்தார். எங்கிருந்தோ புள்ளிமான் கொண்டுவந்து விட்டார். மழைக்காலம் முடிந்ததும் ஜனங்கள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆபீசர்கள், வக்கீல்கள், மில் முதலாளிகள். அவர்கள் அதை ‘லேக்’ என்றார்கள். பண்ணையார் ‘உல்லாச ஏரி’ என்று போர்டு எழுதிவைத்தார். மருதிருப்புக்காரர்களுக்கு அது பண்ணைக் கண்மாய். என் வீட்டுக்காரருக்கு அது குட்டை.

அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. விடிந்ததும் தண்ணீர்மேல் புகைபோலப் பனி நிற்கும். நாரைகள் தீவில் வந்து இறங்கும். புங்கம்பூ உதிர்ந்து கரையோரம் பொரி கொட்டியதுபோல மிதக்கும். எனக்குச் சமையல் வேலை. நெய்ச்சோறும், நாங்கள் ஆணம் என்கிற ஆட்டுக் குழம்பும், இடியாப்பமும் என் கையால் என்றால் மெட்ராஸ்காரர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஏரிக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு. பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றன. அந்த வருஷங்களில் நான் சதை போட்டேன்.

அவர்தான் இளைத்துப்போனார்.

படகில் ஏறுகிற பெரிய மனிதர்கள் கேட்பார்களாம். “என்ன பாய், கடலைவிட இது நல்லாயிருக்குல்ல?”

“ஆமாங்க. உப்பு இல்ல” என்பாராம்.

வீட்டுக்கு வந்து கைலியை உதறிப்போட்டுவிட்டு என்னிடம் சொல்வார். “இன்னைக்கும் தண்ணில போகல, ஜைனம்பு. சேத்துமேல கோலு ஊன்றிப் போனேன்.”

மண் குதிரைகள்

மருதிருப்புக் கண்மாய்க் கரையில் ஓர் அய்யனார் கோவில் இருந்தது. ஏரியைப் பெரிதாக்கியபோது கோவிலை அப்பால் தள்ளிக் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் ஆள் உயர மண் குதிரைகள் இருந்தனவே, அவை பார்க்க லட்சணமாக இருக்கின்றன என்று பண்ணையார் படிக்கட்டின் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டார்.

வருகிறவர்கள் பிள்ளைகளைக் குதிரைமேல் உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்கள். ஒரு குதிரைக்குக் காது உடைந்தது. சிமெண்டு வைத்துப் பூசினார்கள்.

அந்தச் சாமி எனக்குச் சொந்தமில்லை. ஆனாலும் அடுத்தவர் கையெடுத்துக் கும்பிடுகிறதன்மேல் காலைப்போட்டு உட்காருவதைப் பார்த்தால் நான் கொட்டகைக்குள் போய்விடுவேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க்காரர்கள் காவல்காரனிடம் சொல்லிவிட்டு வந்து, குதிரைக்கு மாலை போட்டுவிட்டு, ஏரியைத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள்.

பேச்சியின் மரங்கள்

பேச்சி மருதிருப்புக்காரி. என் வயசுதான் இருக்கும். என்றாலும் என்னை அக்கா என்பாள். எனக்கு ஆட்டுப்பால் கொண்டுவருவாள், நான் மாசிக் கருவாட்டுச் சம்பல் அரைத்துக் கொடுப்பேன். அவள் அதைச் சோற்றில் பிசைந்து, “கடலையே தின்ன மாதிரி இருக்குக்கா” என்பாள். கடலை அவள் பார்த்ததே இல்லை.

அந்தக் காட்டைப் போட்டதே பேச்சிதான் என்று சொல்ல வேண்டும். அவளும் ஊர்ப் பெண்களுமாக, கன்றுக்கு ஒரு குடம் என்று கோடைக் கோடையாகத் தூக்கி ஊற்றியிருக்கிறார்கள். கர்ப்பமாக இருந்தபோதும் ஊற்றினாளாம். எந்த வேம்பு எந்த வருஷத்துக் கன்று என்று மரத்தைத் தொட்டுச் சொல்வாள்.

காடு வளர்ந்ததும் வேலி போட்டார்கள். அவளுடைய ஆடு ஒன்று உள்ளே புகுந்து கீழே தொங்கிய வாகைக் கொப்பை இழுத்துவிட்டது. காவல்காரன் அதைப் பிடித்துக் கட்டிவிட்டான்.

“நான் ஊத்துன தண்ணியில வளந்த மரம். என் ஆட்டுக்கு ஒரு கொளை கெடையாதா?” என்று அவள் வேலிக்கு வெளியே நின்று கத்தினாள்.

“மானுக்குத்தான் கொளை. ஆட்டுக்கு இல்ல” என்றான் அவன்.

இரண்டு பேரும் ஒரே ஊர்.

ஒரு தண்ணி

ஏரி வெட்டும்போது பண்ணையார் கோவில் முன்னால் நின்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தாராம். ஏரி நிறைந்த பிறகு வழிகிற தண்ணீரெல்லாம் மருதிருப்பு வயலுக்கு. மழை குறைந்தால் மடையைத் திறந்துவிடுவேன். நல்ல மழை பெய்த வருஷங்களில் அந்த வார்த்தைக்கு வேலையே இல்லை.

மடை ஏரிக்கு அடியில் இருந்தது. மரக்கட்டை ஒன்று அதை அடைத்திருக்கும். கட்டையிலிருந்து ஒரு கம்பு நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கினால் தண்ணீர் போகும். படகு இடிக்கிறது என்று பண்ணையார் அந்தக் கம்பை அறுத்துவிட்டார். அதற்குப் பிறகு மடையைத் திறக்க வேண்டுமானால் யாராவது முங்கித்தான் திறக்க வேண்டும். அதையும் யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் சொல்கிற வருஷம் ஐப்பசியில் கொட்டிய மழை அந்த மாதத்தோடு நின்றுவிட்டது. கார்த்திகைக் கடைசியில் மருதிருப்பு நெல் கதிர் தள்ளாமல் பொதி கட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு தண்ணி பாய்ந்தால் வீடு வந்து சேரும். பாயாவிட்டால் வைக்கோலுக்கும் ஆகாது.

அந்த ஊர்த் தலைவரை அம்பலம் என்பார்கள். நரைத்த மீசையும் கணீர்க் குரலுமாக இருப்பார். அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பண்ணையார் படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் காப்பித் தட்டோடு பின்னால் நின்றேன்.

“ஐயா குடுத்த வாக்கு ஒண்ணு இருக்கு” என்றார் அம்பலம்.

“இல்லேன்னு யாரு சொன்னா? கல்யாணம் முடியட்டும்.”

“கல்யாணம் முடிஞ்சு சனம் கெளம்ப ஒரு வாரம் ஆகும்யா. பயிரு அது வரைக்கும் நிக்காது.”

“என்னவே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து எறங்குற நேரத்துல சேத்தக் காட்டச் சொல்றீரா? போங்க. பாத்துக்கிருவோம்.”

அவர்கள் போனார்கள். ஆனால் ஊருக்குப் போகவில்லை. எங்கள் ஓட்டு வீட்டுக்கு முன்னால் இருந்த நாவல் மரத்தடியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தார்கள்.

“மரைக்காரே, ஒங்களால ஆகும்” என்றார் அம்பலம். “எங்க ஊருல முங்குறவன் எவனும் இல்ல. கட்டமேல சேறு ஏறிக் கெடக்கும். நீங்க கடல்லயே முங்குன ஆளு.”

“எனக்குக் காது ஆகாதுங்க.”

“கடல் ஆழமா இது? ரெண்டாளு தண்ணி. ஒங்களுக்கு ஒண்ணு வந்தா மருதிருப்பே பின்னால நிக்கும். அய்யனார் சாச்சி.”

வெற்றிலை கொடுத்தார்கள், அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

“நமக்கு எதுக்கு இது? சோறு போடுற எடம். புள்ளைக இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்கு.”

“நீ அந்த வயலப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“நானும் பாத்தேன். தெனம் பாக்குறேன். கரையில நின்னா அந்தப் பக்கம் பயிரு காயுது, இந்தப் பக்கம் தண்ணி கெடக்குது. நடுவுல நின்னு என்னையப் படகு தள்ளச் சொல்றியா?”

“வேற எவனாவது தெறக்கட்டும்.”

“வேற எவனுக்குத் தெரியும்?” என்றார். ஒரு பெருமை தெரிந்தது அந்தக் குரலில். சங்கு குளிக்கிற நாளில் கேட்ட குரல்.

வரப்பு

மறுநாள் காலையில், எல்லோரும் பந்தல் வேலையில் இருந்தபோது, கடப்பாரையோடு இறங்கியிருக்கிறார். சேற்றை வாரிப்போடவே பல தடவை முங்க வேண்டியிருந்ததாம். கடைசியில் கட்டை அசைந்தது. அது நகர்ந்த அந்த நொடியில் தண்ணீர் அவர் கையைப் பிடித்து ஓட்டைக்குள் இழுத்திருக்கிறது. காலைக் கல்லில் ஊன்றிக் கையைப் பறித்தார். உள்ளங்கைத் தோல் அங்கேயே தங்கிவிட்டது. காதுக்குள் வெடித்ததுபோல இருந்ததாம். எப்படி மேலே வந்தேன் என்று தெரியவில்லை என்றார்.

அப்படிக் கரையேறி உட்கார்ந்தவரைத்தான் நான் வெங்காயக் கண்ணோடு பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் படிக்கட்டுப் பக்கம் சேறு தெரிய ஆரம்பித்தது. மஞ்சள் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் மீன் துள்ளுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். சேற்றிலிருந்து சோடா பாட்டில்களும் செருப்புகளும் எழுந்து வந்தன.

பண்ணையார் வந்தார். அவர் கத்தவில்லை.

“அடை” என்றார்.

“முடியாதுங்கய்யா. இழுக்குற தண்ணி. எறங்குனா ஆளு உள்ள போயிருவான்.”

“போ.”

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அசையவில்லை. அவருக்குப் பதில் வேறு எவனும் இறங்கவும் இல்லை. பண்ணையார் கண்ணைக் காட்டியதும் ஆட்கள் வந்து அவரைப் படகு கட்டுகிற கல்தூணில் சேர்த்துக் கட்டினார்கள். யார் முதலில் அடித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. நான் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தேன்.

வாய்க்கால் கரையோடு ஓடினேன். தண்ணீரும் என்கூடவே ஓடியது. செருப்பில்லாத காலில் முள் ஏறியது. எனக்கு முன்னாலேயே தண்ணீர் போய்ச் சேர்ந்திருந்தது.

மருதிருப்பே வயலில் நின்றது. ஆணும் பெண்ணும் குஞ்சு குளுவானும் சேற்றில் இருந்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அம்பலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு ஒரு வரப்பில் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“அவரக் கட்டிப்போட்டு அடிக்கிறாங்க. ஓடி வாங்க. வந்து நாங்கதான் சொன்னோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது. “அடப் பாவமே” என்றார். “இந்தா வாரேன் தாயி. இந்த வரப்பு ஒடையுது பாரு, இத அடைச்சிட்டு வாரேன். நீ முன்னால போ.”

நான் போகவில்லை. நின்றேன். அவர் அந்த வரப்பை அடைத்தார். பிறகு அடுத்த வயலுக்கு வெட்டிவிட்டார். “ஏலே, அங்கன என்னலே பராக்குப் பாக்குறீக, தண்ணி மேக்க போகுது பாருங்கலே” என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பாமலே வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

பேச்சி அங்கேதான் இருந்தாள். முழங்கால் சேற்றில் நின்று என்னைப் பார்த்தாள். ஓர் எட்டு வைத்தாள். “ஏ, நில்லு” என்றான் அவள் புருஷன். நின்றுவிட்டாள்.

நான் திரும்பி நடந்தேன். ஓடத் தெம்பில்லை. வழியெல்லாம் அந்தத் தண்ணீர் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது.

தெரியாது

கல்யாணம் நடந்தது. நான் உரித்த வெங்காயத்தில்தான் சமைத்திருப்பார்கள். அதற்கு முன்பே போலீஸ் ஜீப்பில் அவரை ஏற்றிப்போய்விட்டார்கள். எங்கள் சட்டி பானையைக் கணக்கப்பிள்ளை வெளியே எடுத்துவைத்தார். காக்கா வீட்டுக்கே திரும்பினேன். அதே அகப்பை, அதே பானை.

மடையை உடைத்ததாகக் கேஸ். விசாரணை அன்று நானும் காக்காவும் கோர்ட்டுக்குப் போனோம். மருதிருப்புக்காரர்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. வந்துவிட்டார்கள் என்று காக்காவின் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அவர்களைக் கூட்டிவந்தது பண்ணையாரின் வக்கீல் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்பலம் கூண்டில் ஏறினார். நெற்றி நிறைய விபூதி. “அவுக கடக்கரை ஆளுங்க. எதுக்குத் தெறந்தாகன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க யாரும் சொல்லல” என்றார். அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கு அடுத்தவன் பேச்சியின் புருஷன். அவனும் அதையே சொன்னான், குனிந்துகொண்டு.

என் வீட்டுக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். இரண்டாவது தடவை உரக்கக் கேட்ட பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது.

“பயிரு காஞ்சுச்சுங்க. தெறந்தேன்” என்றார்.

அம்பலத்தைக் காட்டவில்லை. வெற்றிலை வாங்கியதைச் சொல்லவில்லை. சில மாதம் ஜெயில் என்று தீர்ப்பானது.

பண்ணையார்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள். அவர் தன் ஏரியின் அழகைக் காப்பாற்றப் பார்த்தார். பின்னால் புதுக் கட்டை போட்டு அடைத்து, அடுத்த மழைக்கு மறுபடி படகு விட்டார் என்று கேள்வி. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச காலத்துக்கு முன் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். ஏரி முழுக்கச் சீமைக் கருவேல். மண்டபத்தின் தலை மட்டும் முள்ளுக்கு மேலே தெரிந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடம் அது என்னவென்று கேட்டேன். ஏதோ பழைய கோவில் என்றார்.

என் கோபமெல்லாம் வரப்பில் நின்றவர்கள்மேல்தான். அவர்கள் பயந்தார்கள், நிலமெல்லாம் பண்ணையாருடையது, வேறு வழியில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். வயது எண்பதை நெருங்குகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

மாசியில் வந்தவள்

அறுவடை முடிந்து மாசி மாதம் பேச்சி வந்தாள். பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து எங்கள் தெருவுக்கு வந்திருந்தாள். தலையில் ஒரு மூட்டை.

நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளாக மூட்டையை இறக்கி வாசல்படி ஓரம் வைத்தாள்.

“புதுசுக்கா. குத்தி அரிசியாக்கிக் கொண்டாந்தேன்.”

“என்ன இது, கூலியா?”

“கூலி இல்லக்கா. வெளஞ்சுச்சு. கொண்டாந்தேன்.”

“ஒன் புருஷன் கோர்ட்டுல தெரியாதுன்னானே, அவனுக்குத் தெரியுமா நீ வந்தது?”

“அவருதான் மூட்டையத் தூக்கிவிட்டாரு” என்றாள். அப்புறம் அழுதாள். “சாச்சி சொல்லலேன்னா நெலத்துல காலு வைக்கக்கூடாதுன்னுட்டாக. எங்கக்கா போவோம்? நீங்க கடக்கரை ஆளு, எங்கிட்டாவது போயிருவீக. நாங்க எங்கன போவோம்?”

நாங்கள் எங்கே போய்விட்டோம் என்று திரும்பி மதினியின் அடுப்படியைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு, கடலை ஒருதடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுந்து போனாள். நான் கூடப் போகவில்லை. அதன்பின் அவளை நான் பார்க்கவே இல்லை.

மூட்டையைப் பிரிக்காமல் மூலையில் வைத்திருந்தேன். பங்குனியில் அவர் ஜெயிலிலிருந்து வந்தார். ஆள் பாதியாக இருந்தார். முடி வெட்டியிருந்தார்கள். சின்னவன் அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளிந்தான். அன்றைக்கு மதினி தாய்வீடு போயிருந்தாள். வீட்டில் வேறு அரிசி இல்லை. மூட்டையைப் பிரித்து உலை வைத்தேன்.

சிவப்பு அரிசி. கொதிக்கும்போதே வாசனை வீடு முழுக்க வந்தது. மீன் ஆணம் ஊற்றி வைத்தேன். தழும்பேறிய கையை மடக்க முடியாமல், விரல் நுனியால் அள்ளினார். ஒரு வாய் தின்றுவிட்டு நிறுத்தினார்.

“எந்த ஊரு அரிசி?”

“மருதிருப்பு.” அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னேன். “பேச்சி கொண்டாந்தா.”

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். தள்ளிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் மெதுவாக மறுபடி பிசைய ஆரம்பித்தார். தட்டு காலியானதும் என் பக்கம் நகர்த்தினார்.

“இன்னுங் கொஞ்சம் போடு” என்றார்.

போட்டேன். என் பங்கை அன்றைக்கு நான் தின்னவில்லை. மறுநாள் தின்றேன். பசித்தது.